வேங்கையின் முகமும் விமர்சகன் கண்ணும்

உருவப்படம் என்னும் சொல்லை நெடுங்காலம் நாம் மனிதருக்கே உரியதாக வைத்திருந்தோம். ஓவியன் முன் ஒருவர் அமர்கிறார். தம்மைக் காட்ட இசைகிறார். தமக்குப் பிடித்த ஆடையை உடுத்திக்கொள்கிறார். தலையைச் சற்றே சாய்க்கும்படி ஓவியன் வேண்டினால் சாய்க்கிறார். வரைபவருக்கும் வரையப்படுபவருக்கும் இடையே ஓர் இசைவு இருக்கிறது. அந்த இசைவின் மீதுதான் உருவப்படக் கலை முழுவதும் எழுந்து நிற்கிறது.

காட்டு வேங்கையை ஒளிப்படம் எடுப்பவனுக்கு இந்த இசைவு வாய்ப்பதில்லை. வேங்கை அவனுக்காக அமர்வதில்லை; அவன் வருகையை அது வேண்டுவதுமில்லை. ஆயினும் அவன் கொண்டுவரும் படத்தையும் நாம் உருவப்படம் என்றே அழைக்கிறோம், நாட்காட்டியில் அச்சிடுகிறோம், சுவரில் மாட்டுகிறோம், பரிசளிக்கிறோம். கேளாமல் எடுக்கப்பட்ட ஒரு முகத்திற்கு, அதை எடுத்தவன் என்ன கடமைப்பட்டிருக்கிறான்? அந்த முகத்தைப் பார்த்து 'நன்று' என்றோ 'நன்றன்று' என்றோ தீர்ப்புரைக்கும் நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இவை ஓய்வுநேரக் கலைவினாக்கள் மட்டுமே என எண்ணுதல் தகாது. புலிகள் காப்பகங்களுக்குக் கேமராவோடு செல்வோர் இன்று எண்ணற்றோர். சென்றவர் எடுத்த படத்தை நண்பரிடமும் கழகத்திலும் போட்டி நடுவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்கிறார். அவர்கள் எதைப் புகழ்கிறார்களோ அதைத்தான் அடுத்த முறை தேடிச் செல்கிறார். முகம் நிறைந்த படத்தைப் புகழ்ந்தால் இன்னும் அருகே செல்வார். பல் தெரியும் படத்தைப் புகழ்ந்தால் புலி சீறும் வரை காத்திருப்பார். பாராட்டு எத்திசையில் செல்கிறதோ அத்திசையில்தான் ஜீப்பும் செல்கிறது. ஆதலின் வேங்கைப் படத்தைத் திறனாய்வு செய்பவன் வீட்டில் அமர்ந்திருந்தாலும், அவன் சொல் காட்டுக்குள் நடமாடுகிறது.

முதல் திறனாய்வாளர்

காட்டு வேங்கையின் படங்களை உலகம் நம்பிப் பார்க்கும்படி முதன்முதலில் எடுத்துத் தந்தவர்களுள் தலையாயவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாகப் பணியாற்றிய ஆங்கிலேயர். புலியைச் சுட்டு, அதன் மீது காலூன்றி நின்று படமெடுத்துக்கொள்வதே பெருமை எனக் கருதப்பட்ட காலத்தில், துப்பாக்கியை விடுத்துக் கேமராவைத் தேர்ந்தவர். 1925-இல் இலண்டனின் 'இல்லஸ்ட்ரேட்டட் இலண்டன் நியூஸ்' இதழ் அவர் படங்களை வெளியிட்டது. 1927-இல், புலிநாட்டில் கேமராவுடன் என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது.

அவருடைய முறை எளியது. ஆனால் பெரும் பொறுமையை வேண்டுவது. புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டுவார். இரவில் அவ்வழியே வரும் புலியின் கால் கம்பியில் பட்டதும் ஒளி பாயும், படம் பதிவாகும். எடுத்தவர் அப்போது அங்கே இல்லை. புலி தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டது எனலாம். இன்று அறிவியலாளர் பயன்படுத்தும் தானியங்கிக் கேமராவுக்கு முன்னோடி இதுவே. ஒரு புலியின் கோடுகள் மற்றொன்றின் கோடுகளைப் போல இருப்பதில்லை என்பதும், அக்கோடுகளைக் கொண்டே தனிப் புலியை அடையாளம் காணலாம் என்பதும் அவர் படங்களால் விளங்கின.

திறனாய்வுக் கண்ணோடு அவற்றைப் பார்த்தால், இன்றைய நடுவர் பலர் குறை சொல்ல நிறைய உண்டு. ஒளி முன்புறமிருந்து தட்டையாக விழுகிறது. பின்புலம் இருளில் கரைந்துபோகிறது. எனினும் அப்படங்களில் இன்றும் நாம் காண்பது தன் வேலையாக நடந்துகொண்டிருக்கும் ஒரு விலங்கை. எவரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நிலையில் அது எப்படி நடக்குமோ அப்படியே நடக்கிறது. ஒளி பாய்ந்த மறுநொடி அது திடுக்கிட்டிருக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது. படமாய் நிற்பது அதற்கு முந்தைய கணம்; இடையூறு தொடங்கியது அதற்குப் பின்.

சாம்பியனின் படங்களால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஜிம் கார்பெட்டும் ஒருவர். குமாவுன் மலைப்பகுதியின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1944-இல் வெளிவந்த தம் நூலின் இறுதிப் பகுதியில், கேமராவுடன் தாம் பட்ட பாட்டை அவர் விவரிக்கிறார். 16 மில்லிமீட்டர் சினிமாக் கேமராவின் ஓசை புலிகளின் காதுக்குத் தப்பவில்லை. ஓசை கேட்டதும் அவை விலகின. முடிவில் கார்பெட் ஓர் ஓடைக்கரையைத் தேர்ந்தார். நீரைச் சிறுசிறு அருவிகளாக விழச் செய்து, அந்தச் சலசலப்பில் கேமராவின் ஓசை அமிழும்படி அமைத்தார். அதன் பின்னரே புலிகள் அவர் முன் இயல்பாக நடமாடின.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. வேங்கைப் படத்தின் முதல் திறனாய்வாளர் வேங்கையே. அது விலகினால் உன் முறை தவறு என்கிறது. நிமிர்ந்து நோக்கினால் உன்னைக் கண்டுகொண்டேன் என்கிறது. தன் போக்கில் தொடர்ந்தால் இருந்துகொள் என இடம் தருகிறது. பிற திறனாய்வாளர் அனைவரும் இந்த முதல் தீர்ப்புக்குப் பின் பேச வந்தவர்களே. கார்பெட் அத்தீர்ப்பைச் செவிமடுத்துத் தம் முறையைத் திருத்திக்கொண்டார். அவர் செய்த மாற்றம் கேமராவில் அன்று, நீரோட்டத்தில் என்பது நினைக்கத்தக்கது.

கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளை

நம் மண்ணுக்கு வருவோம். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) இந்தியக் கானுயிர் ஒளிப்படக் கலையில் தனித்து நிற்பவர். 1950 முதல் தம் மறைவு வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதியவர். தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக அவை வெளிவந்தன. ஓவியமும் வரைவார். வெவ்வேறு உறுப்புகளைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கேமராவைப் பயன்படுத்தினார். வண்ணச்சுருள் எங்கும் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையை விடவில்லை.

இப்பிடிவாதத்தைப் பழமைப் பற்று என ஒதுக்கிவிட முடியாது. வண்ணப்படத்தில் வேங்கை தீப்பிழம்பு போல் எரிகிறது. செம்மஞ்சள் நிறம் கண்ணைப் பறிக்க, மற்றவற்றை மறந்துவிடுகிறோம். கறுப்பு வெள்ளையில் அந்த நிறத்தின் உதவி இல்லை. எலும்பின் அமைப்பு, தோளின் எடை, புல்லின் நிழலோடு கோடுகள் கலக்கும் விதம் ஆகியவையே பேசியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. மானின் கண், செம்மஞ்சளையும் பச்சையையும் நம்மைப்போல் பிரித்தறிய வல்லதன்று. நமக்குத் தீயாகத் தெரியும் வேங்கை, புள்ளிமானுக்குப் புதரோடு புதராகத் தோன்றுகிறது. ஆகவே கறுப்பு வெள்ளை வேங்கை, வண்ண வேங்கையைக் காட்டிலும் இரையின் பார்வைக்கு நெருங்கியது. வேங்கை எப்படி வாழ்கிறது என அறிய விரும்புவோருக்கு இது சிறு செய்தியன்று.

கிருஷ்ணனுடைய படங்களில் நாம் கற்கும் பாடம், விலங்கை அதன் இடத்தோடு சேர்த்துப் பார்க்கும் பாடமாகும். மரமும் புல்லும் தூசியும் அவர் படங்களில் அகற்ற வேண்டிய இடையூறுகளாக இல்லை. விலங்கின் வாழ்க்கை வரலாற்றில் அவையும் அடங்கும். யானையாயினும் மானாயினும் காட்டெருதாயினும் அது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது படத்திலேயே தெரிகிறது. அவருடைய படங்களும் எழுத்துகளும் சேர்ந்த பெருந்தொகுப்பு ஒன்று 2006-இல் வெளிவந்தது. அதைப் புரட்டுவோர், எழுத்தைப் படித்துப் படத்தையும் படத்தைப் பார்த்து எழுத்தையும் புரிந்துகொள்வர். ஒன்று மற்றொன்றைத் திருத்துகிறது.

அவையும் அரங்கேற்றமும்

தமிழ்ப் புலவன் தன் நூலை அவையில் அரங்கேற்றினான். குற்றம் காண்பவர் அவையில் இருப்பார் என அறிந்தே ஏறினான். இறைவன் பாட்டாயினும் குற்றம் குற்றமே என்று நின்ற நக்கீரரின் கதையைப் போற்றி வளர்ந்த மரபு நம்முடையது. இடித்துரைப்பவரே நண்பர் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. ஒளிப்படக் கலையிலும் இத்தகைய அவைகள் உண்டு. ஊர்தோறும் உள்ள ஒளிப்படக் கழகங்களில், உறுப்பினர் தம் படங்களைத் திரையில் காட்ட, மூத்தவர் ஒருவர் குறை நிறை கூறுவார். பெங்களூரில் டி. என். ஏ. பெருமாள் (1932-2017) இவ்வாறு இளையோர் பலரை வழிநடத்தினார். அவரே ஓ. சி. எட்வர்ட்ஸ் என்னும் மூத்தவரிடம் கற்றவர். ஒரு கை மற்றொரு கையைப் பிடித்து நடத்தும் இம்மரபால்தான் தென்னிந்தியாவின் கானுயிர் ஒளிப்படக் கலை வளர்ந்தது எனலாம்.

பன்னாட்டுக் கண்காட்சிப் போட்டிகள் வேறு வகையான அவை. அங்கே நடுவர் மதிப்பெண் தருவர். ஏற்பர் அல்லது தள்ளுவர். தள்ளப்பட்டவனுக்குக் காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. மதிப்பெண்ணால் ஒருவன் தன் நிலையை அறியலாம். வளர வேண்டுமாயின் அவனுக்குச் சொல் வேண்டும். கழகத்து மூத்தவர் கூறும் அரைமணி நேர விளக்கம், காரணம் கூறாத நூறு ஏற்புகளினும் பயன் தருவது இதனால்தான்.

அத்தகைய மூத்தவர் கூறக்கூடிய சில திருத்தங்களை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, பார்வையின் மட்டம். வேங்கையின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி உயரத்தில் உள்ளது. திறந்த ஜீப்பில் நிற்பவனுடைய கேமராவோ 7 அடி உயரத்தில் இருக்கும். புலி 30 அடித் தொலைவில் இருந்தால், கேமரா ஏறத்தாழ 8 பாகை கீழ்நோக்கும். முதுகு அகன்று, கால் குறுகி, காட்டின் அரசன் வீட்டுப் பூனைபோல் தோன்றுவான். அதே புலி 150 அடித் தொலைவில் இருந்தால் சாய்வு 1.5 பாகையே. புலி தன் உயரத்தில் நிற்கும். பின்னே காடு எழும்பித் தெரியும். நீண்ட லென்ஸ் இருந்தால் தொலைவு குறையாகாது, துணையாகவே அமையும். இதனைப் புரிந்துகொண்டவன் 'இன்னும் கிட்டே போ' என ஓட்டுநரை நெருக்கமாட்டான். கலைக்கும் காட்டுக்கும் நலம் பயக்கும் பாடம் ஒன்றே என்பது மகிழ்ச்சிக்குரியது.

இரண்டாவது, வெண்மை. வேங்கையின் கண்ணுக்கு மேலும் கன்னத்திலும் வெண்ணிற மயிர் உண்டு. இருண்ட காட்டை அளந்த கேமரா, படம் முழுவதையும் வெளிச்சமாக்க முயலும். வெண்மயிர் வெந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வேங்கையின் முகத்தில் உயிர்ப்பு தங்கியிருப்பது அம்மயிரின் நுண்ணிழைகளில்தான். ஒளியைச் சற்றே குறைத்து எடுத்தால் அவை பிழைக்கும். கழகங்களில் ஆயிரம் முறை கூறப்பட்டும் இன்றும் கூற வேண்டியதாயிருக்கும் திருத்தம் இது.

மூன்றாவது, வெட்டு. காதின் நுனியோ வாலின் நுனியோ பாதமோ ஓரத்தில் அறுபட்டிருந்தால், அது வேண்டுமென்று செய்ததா, தற்செயலா என்னும் கேள்வி எழும். முகத்தை மட்டும் காட்ட விரும்பினால் துணிந்து நெருக்கலாம்; உடலைக் காட்ட விரும்பினால் அது அடியெடுத்து வைக்க முன்னே இடம் விடலாம். இரண்டுக்கும் நடுவே தயங்கி நிற்கும் படம் எதையும் சொல்வதில்லை.

நான்காவது, அழித்தல். முகத்தின் குறுக்கே ஒரு புல் நிற்கிறது. கணினியில் நொடிப்பொழுதில் அதைத் துடைத்துவிடலாம். ஆனால் சர்வதேச ஒளிப்படக்கலைக் கூட்டமைப்பும், அமெரிக்க ஒளிப்படச் சங்கமும், பிரிட்டனின் அரச ஒளிப்படச் சங்கமும் இணைந்து வகுத்து, 2015 முதல் நடைமுறைக்கு வந்த இயற்கைப்பட விதி இதற்கு இடம் தரவில்லை. ஓரத்தை வெட்டலாம், உள்ளிருப்பதை எடுக்கவோ சேர்க்கவோ இடம் மாற்றவோ கூடாது. இவ்விதி கடுமையானதென்று குறைபடுவோர் உண்டு. எமக்கோ அது நியாயமாகவே படுகிறது. அந்தப் புல் வேங்கையின் மறைவிடம். அதைத் துடைத்தவன் வேங்கையின் வீட்டுக் கதவைப் பெயர்த்தவனாகிறான்.

காதுகள் சொல்லும் செய்தி

இதுவரை கூறியவை கைத்திறன் பற்றியவை. இவற்றோடு நின்றுவிடும் திறனாய்வு பாதியே. விலங்கை அறியாத விமர்சகன், கோவிலை அறியாமல் கோபுரத்தின் வண்ணத்தைப் பேசுபவன் ஆவான்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வேங்கையின் முகம் சட்டம் முழுவதும் நிறைந்திருக்கிறது. கண்கள் நேரே நம்மை நோக்குகின்றன, கூர்மையாகப் பதிவாகியுள்ளன. வாய் சற்றே திறந்திருக்கிறது. ஒளி மென்மையான காலை ஒளி. 'அரசனின் பார்வை' எனத் தலைப்பு. பார்ப்போர் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'அருமை' என்பர். ஒருவர் வலப்புறம் சற்று வெட்டலாம் என்பார். முதற்கருத்தால் எடுத்தவனுக்கு மகிழ்ச்சி மட்டுமே கிடைக்கும். இரண்டாவதால் படம் சற்றுத் திருந்தும்.

இப்போது அதே படத்தில் காதுகளைப் பார்ப்போம். வேங்கையின் காதின் பின்புறம் கறுப்பு. அதன் நடுவே ஒரு வெண்புள்ளி. அமைதியாக இருக்கும் வேங்கையை முன்னிருந்து பார்த்தால் இப்புள்ளி தெரிவதில்லை. அது அச்சுறுத்தும்போது காதுகளை முறுக்கித் தாழ்த்துகிறது. அப்போது பின்புறத்து வெண்புள்ளிகள் முன்னோக்கித் திரும்புகின்றன. 1960-களில் கானாவில் தங்கி வேங்கைகளை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் முதலான அறிஞர்களின் உழைப்பால் இத்தகைய முகக்குறிகள் நமக்கு விளங்கின. நம் கற்பனைப் படத்தில் அப்புள்ளிகள் தெரியுமானால், அது அரசனின் பார்வை ஆகாது. 'போய்விடு' என்னும் எச்சரிக்கை. எடுத்தவன் மிக அருகே சென்றுவிட்டான் என்பதற்குப் படமே சான்றாகிறது.

இன்னும் சில உண்டு. கொட்டாவி விடும் வேங்கையைக் 'கர்ச்சனை' எனத் தலைப்பிட்டு எத்தனை நாட்காட்டிகள் அச்சேறியுள்ளன! மற்றொரு வேங்கை விட்டுச் சென்ற மணத்தை மோந்து, மேலுதட்டைச் சுருக்கி, நாவை நீட்டி நிற்கும் முகத்தைச் சினமென்றும் வெறுப்பென்றும் பெயரிட்டு மகிழ்கிறோம். அது அந்நேரத்தில் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வதே பொருந்தும். தலைப்பும் படத்தின் ஒரு பகுதியே. தலைப்பு பொய்யானால், கூர்மையான கண்ணும் மென்மையான ஒளியும் அப்பொய்க்குப் பணிசெய்யும்.

ஆகவே வேங்கைப் படத்தைப் பார்ப்பவர் கேட்க வேண்டிய வினாக்களை வரிசை மாற்றிக் கேட்பது நலம் என்பது நமது கருத்து. வழக்கமாகக் கூர்மையும் ஒளியும் முதலில் வரும்; விலங்கு இறுதியில் வரும்; பல நேரம் வருவதேயில்லை. நாம் முதலில் கேட்கவேண்டியது, இவ்விலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே. இரண்டாவதாக, இப்படம் கிடைப்பதற்காக அதற்கு என்ன நேர்ந்தது எனக் கேட்கவேண்டும். ஒளியும் அமைப்பும் அதற்குப் பின் வரட்டும்.

ஒரு முகம், ஒரு வாழ்வு

ராஜஸ்தானின் ரண்தம்போரில் 'மச்சிலி' என்றழைக்கப்பட்ட பெண்வேங்கை 2016 ஆகஸ்டில் இறந்தது. முகத்தில் இருந்த மீன் வடிவக் குறியால் அதற்கு அப்பெயர். உலகில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட வேங்கை அதுவே எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஏரிக்கரையில், பாழடைந்த மண்டபங்களின் நடுவே அது வீற்றிருக்கும் படங்களைக் காணாதவர் குறைவு. முதலையோடு அது போரிட்ட காட்சி உலகெங்கும் சென்றது.

அதே வேங்கை முதுமையில் கோரைப்பற்களை இழந்தது. ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தது. அந்நாள்களின் படங்களை விரும்பி மாட்டுவோர் மிகச் சிலர். ஆனால் இளமைப் படத்தையும் முதுமைப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உருவப்படம் என்னும் சொல்லுக்குரிய முழுப்பொருளும் விளங்குகிறது. இது ஓர் இனத்தின் மாதிரியன்று. பிறந்து, குட்டிகளை வளர்த்து, நிலம் இழந்து, மூத்து மடிந்த ஓர் உயிர். படமெடுப்பவருக்கு நாம் கூறக்கூடிய சிறந்த அறிவுரைகளுள் ஒன்று, 'புதிய வேங்கையைத் தேடாதீர். சென்ற ஆண்டு கண்டதையே மீண்டும் சென்று பாரும்' என்பதாகலாம்.

பொய்முகம்

நேர்மையான கண்ணுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதைச் சீனத்தில் நிகழ்ந்த ஒன்று காட்டும். தென்சீன வேங்கை காட்டில் பல்லாண்டுகளாகக் காணப்படாத ஒன்று. 2007 அக்டோபரில் ஷான்சி மாநிலத்து வனத்துறை, தம் பகுதி உழவர் ஒருவர் அதனைப் படமெடுத்துள்ளதாக அறிவித்து, அவருக்கு 20,000 யுவான் பரிசும் தந்தது. நாடே மகிழ்ந்தது.

பொதுமக்களோ படங்களைக் கூர்ந்து பார்த்தனர். வெவ்வேறு படங்களிலும் வேங்கையின் நிலை மாறவேயில்லை. உயிருள்ள விலங்கு அப்படி இருக்குமா? ஒளி விழும் விதம் பொருந்தவில்லை. முடிவில், வீட்டுச் சுவர்களில் மாட்டப்படும் புத்தாண்டு ஓவியத்தாள் ஒன்றில் இருந்த வேங்கையின் கோடுகளும், இப்படத்து வேங்கையின் கோடுகளும் ஒன்றே எனக் கண்டனர். 2008 ஜூனில் அரசு அப்படங்கள் போலி என அறிவித்தது. எடுத்தவர் தண்டிக்கப்பட்டார், அலுவலர் பலர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சாம்பியன் படங்களால் விளங்கிய அதே உண்மை, அதாவது எந்த இரு வேங்கைகளின் கோடுகளும் ஒத்திரா என்பது, இங்கே பொய்யைப் பிடித்துக் கொடுத்தது.

அதே உண்மை நம் நாட்டில் ஆக்கப்பணியும் செய்கிறது. காலடித் தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணிய பழைய முறை நம்பத்தகாதது என்பது, சரிஸ்காவில் புலியே எஞ்சவில்லை என 2005-இல் தெரியவந்தபோது ஐயமற விளங்கிற்று. அதற்கு முன்பே நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த், தானியங்கிக் கேமராப் படங்களில் கோடுகளை ஒப்பிட்டுக் கணக்கிடும் முறையைச் செயற்படுத்தி, 1995-இல் வெளியிட்டிருந்தார். 2006-இல் 1,411 என மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள், 2022 கணக்கெடுப்பில் 3,682 என மதிப்பிடப்பட்டன. இந்த எண்களுக்கு அடிப்படையாயிருந்த படங்களுள் பெரும்பாலானவற்றை எந்தப் போட்டியும் ஏற்காது. தலை வெட்டுப்பட்டிருக்கும், ஒளி மங்கியிருக்கும். ஆயினும் அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேங்கை இன்னும் உயிரோடிருக்கிறது என்று சொல்கின்றன. அழகுக்கு முன் உண்மை வரும் என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விதியைக் கடந்த படம்

உண்மையும் அழகும் ஒருங்கே கூடிய படமும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் உலகக் கானுயிர் ஒளிப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற செர்கேய் கோர்ஷ்கோவின் படம் அத்தகையது. ரஷ்யாவின் தூரகிழக்கில் உள்ள தேசியப் பூங்கா ஒன்றில், பெண்வேங்கை ஒன்று பழமையான தேவதாரு இன மரத்தை முன்கால்களால் தழுவி, கன்னத்தை அதன் பட்டையில் தேய்க்கிறது. தன் மணத்தை அங்கே விட்டுச்செல்லும் செயல் அது. சாய்ந்த பொன்னொளி மரங்களினூடே இறங்குகிறது. தானியங்கிக் கேமராக்களை மறைவாக வைத்து, 11 மாதங்களுக்கு மேல் காத்திருந்து பெற்ற படம்.

இப்படத்தை நம் கழகத்து விதிகளால் அளந்து பார்ப்போம். கண் நம்மை நோக்க வேண்டும் என்பது விதி. இங்கே கண்கள் மூடியிருக்கின்றன. விலங்கு தனித்துத் தெரிய வேண்டும் என்பது விதி. இங்கே அதன் நிறமும் மரத்தின் நிறமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. பின்புலம் கண்ணை ஈர்க்கலாகாது என்பது விதி. இங்கே காடு முழுவதும் கண்ணை ஈர்க்கிறது. ஆனாலும் நாம் பார்த்த வேங்கைப் படங்களுள் இதைப்போல் நெருக்கம் மிகுந்தது வேறில்லை எனத் துணிந்து கூறலாம். அந்த நெருக்கம் எடுத்தவன் விலகி நின்றதால் கிடைத்தது. தன்னை எவரும் காணவில்லை என்ற உறுதியில்தான் ஓர் உயிர் கண்களை மூடும்.

விதிகள் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. யாப்பறிந்தவனே யாப்பை நெகிழ்க்க வல்லவன். மட்டமும் வெண்மையும் வெட்டும் கற்று, பல்லாண்டு இடித்துரை கேட்டு, அதன் பின் வேங்கையின் வாழ்வையும் அறிந்தவனுக்கே எவ்விதியை எப்போது விடலாம் எனத் தெரியும்.

இறுதியாக

கருத்துக் கூறுவோருக்கும் கேட்போருக்கும் சில சொற்கள். கேட்பவர் புகழை விரும்பிக் கேளாதிருக்கட்டும். புகழ் விரும்பிக் கேட்பவருக்குப் புகழே கிடைக்கும், வேறெதுவும் கிடைக்காது. எங்கிருந்து எடுத்தோம், எவ்வளவு நேரம் இருந்தோம், நாம் இருக்கையில் விலங்கு என்ன செய்தது, நாம் அகல்வதற்கு முன் அது அகன்றதா என்பவற்றையும் படத்தோடு சேர்த்துச் சொல்லட்டும். கூறுபவர் 'அருமை' என்னும் ஒரு சொல்லோடு அகலாதிருக்கட்டும். அது எளிதில் சொல்லப்படுவது. காட்டில் அதற்குரிய விலையைக் கொடுப்பது வேங்கை. எச்சரிக்கும் காதுகளைக் கண்டால், படம் எவ்வளவு கூர்மையாயிருந்தாலும், அன்போடும் தெளிவோடும் அதனைச் சுட்டிக்காட்டட்டும். தொலைவில் நின்று எடுத்த எளிய படம் ஒன்றில் வேங்கை தன் போக்கில் நடப்பதைக் கண்டால், கண்காட்சிக்கு ஏற்றதாயிராவிடினும், அதனைப் பாராட்டத் தவறாதிருக்கட்டும்.

இந்தியாவில் புலித்திட்டம் தொடங்கியது 1973 ஏப்ரலில். துப்பாக்கி ஏந்திய கைகளைக் கேமரா ஏந்த வைத்ததில் சாம்பியன், கார்பெட், கிருஷ்ணன் போன்றோருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் வேட்டையின் பழைய மனம் கேமராவோடும் உடன்வரக்கூடும். மிக அருகே, மிகப் பெரிதாக, மிகச் சினத்தோடு எனக் கோப்பையை எண்ணும் மனம் அது. அதனைப் போக்கச் சட்டம் ஓரளவே உதவும். எஞ்சியதைச் செய்ய வேண்டியது படம் பார்க்கும் நம் கண்களும், அதன்பின் வாயைத் திறந்து நாம் சொல்லும் சொல்லும்.